கறிவேப்பிலையைக் கொஞ்சம் புழு தின்னட்டும்

புத்தாண்டுக்கு மாடித்தோட்டக்காரர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் விதை, உரம், புதுத் தொட்டி என்றே இருக்கிறது. இந்தத் தையில் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு செடியாவது பூச்சிகள் தின்பதற்கென்றே இருக்கட்டும்.

வண்ணத்துப்பூச்சி வர வேண்டும் என்று இட்லிப்பூவும் செம்பருத்தியும் வைக்கிறோம். அவை தேன் குடிக்க வரும், குடித்துவிட்டுப் போய்விடும். தங்கிப் பெருக வேண்டுமானால் புழுவுக்குத் தீனி வேண்டும். பெரும்பாலான புழுக்கள் கண்ட இலையையும் தின்னாது. செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள இலையில் கசப்பும் நஞ்சும் சேர்த்து வைக்கின்றன. அவற்றில் ஒருவகையைச் சமாளிக்கத் தெரிந்த பூச்சி, அந்தச் செடிக் குடும்பத்தையே நம்பி வாழ்கிறது. முட்டையிட வரும் தாய், இலைமேல் இறங்கி முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்க்கும். சுவை அறியும் நுண்ணுறுப்புகள் அந்தக் கால்களில் இருக்கின்றன.

இதையெல்லாம் பார்க்க ஒரு கறிவேப்பிலைத் தொட்டி போதும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரு வண்ணத்துப்பூச்சிகளும் இரண்டிலுமே முட்டையிடும். கொழுந்தில், கடுகைவிடச் சிறிதாக, வெளிர்மஞ்சள் உருண்டையாக முட்டை ஒட்டியிருக்கும். சில நாளில் வெளிவரும் புழு பழுப்பும் வெள்ளையுமாக, அச்சு அசலாகப் பறவை எச்சம்தான். பசித்த பறவையும் அதைக் கொத்த நினைக்காது. நான்காவது முறை தோலுரித்ததும் வேடம் மாறி இலைப்பச்சை ஆகிவிடும். அப்போது விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சோ சிவப்போ நிறத்தில் கவட்டை போன்ற உறுப்பொன்று சட்டென்று நீளும், கூடவே காட்டமான வாடை. எறும்பு போன்ற எதிரிகளை விரட்டும் ஆயுதம் அது. முட்டை சிறகாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

இந்த ஒரு மாதத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை. இலையில் ஓட்டை தெரிந்தவுடன் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கிறோம். இயற்கை மருந்துதானே என்று சமாதானம் வேறு. வேம்பிலுள்ள அசாடிராக்டின் புழுக்களின் வளர்ச்சியையும் தோலுரிப்பையும் குலைக்கும் பொருள். கத்தரியைத் துளைக்கும் புழு, எலுமிச்சை அழகியின் புழு என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. கன்றுச் செடி என்றால் புழுக்களைப் பொறுக்கி வளர்ந்த செடிக்கு மாற்றிவிடலாம். வேரூன்றிய கறிவேப்பிலை மொட்டையானாலும் மறுபடி துளிர்க்கும்.

கறிவேப்பிலை அழகியிடம் இன்னொரு விந்தை உண்டு. அதன் பெண்களில் சில, ஆணைப் போலக் கறுப்பில் வெள்ளைப் பட்டையோடு இருக்கும். மற்றவை ரோஜா அழகியையோ சிவப்புடல் அழகியையோ உரித்து வைத்தாற்போல் இருக்கும். அந்த இரண்டும் ஆடுதீண்டாப்பாளையும் அதன் இனக் கொடிகளும் தின்று, அவற்றின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்பவை. ஒருமுறை கடித்துப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே போகாது. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்தப் பயத்தின் மறைவில் பிழைக்கிறது. ஆனால் அசல் பூச்சி அக்கம்பக்கத்தில் பறந்து பறவைக்குப் பாடம் புகட்டியிருந்தால்தான் போலி வேடம் பலிக்கும். காலி மனையில் களை என்று ஆடுதீண்டாப்பாளையைச் செதுக்கி எறியும்போது, நம் வீட்டுக் கறிவேப்பிலையில் பிறந்ததன் காப்பும் குறைகிறது. இதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

எருக்கும் அப்படித்தான். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி அதன் இலையில் வளர்கிறது. வேலியோரம் எருக்கு தானாக முளைத்திருந்தால் விட்டுவைக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது, ஆடுதீண்டாப்பாளை சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழந்தைகள் கை படாத மூலையில் இருக்கட்டும்.

புழுக்கள் எல்லாமே சிறகு முளைத்துப் பறந்துவிடாது, பல இரையாகிவிடும். அதுவும் வேண்டியதுதான். தேன்குடிக்கும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் ஊட்டுகிறது. தையல்சிட்டுக்கோ பூச்சிதான் பிழைப்பு.

காய்கறி வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். கத்தரி, தக்காளிப் பூவில் மகரந்தம் குழல் போன்ற பைக்குள் அடைந்து கிடக்கும். வயிற்றில் நீல வரி ஓடும் தனித்தேனீ பூவைக் கவ்வி, பறக்கும் தசைகளை அதிரவைத்து அதை உதிர்க்கும். கூட்டில் வாழும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. நீலவரித் தேனீ மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. முற்றம் முழுக்க சிமென்ட் பூசாமல் ஒரு முழம் வெறும் மண் விட்டாலே அதற்கு இடம் கிடைத்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும் இப்போதே நட்டால், கோடைக்குள் வேர் பிடிக்கும். பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகெங்கும் நடக்கும் கணக்கெடுப்புக்கு 15 நிமிடம் மாடியில் நின்று எண்ணினாலே போதும். இந்தியாவில் 2020 முதல் செப்டம்பரை வண்ணத்துப்பூச்சிகளுக்கான மாதமாக வைத்துக் கணக்கெடுக்கிறார்கள். இன்று நடும் கறிவேப்பிலையில் பிறந்தவையும் அந்தக் கணக்கில் சேர, நடுவில் எட்டு மாதம் இருக்கிறது.