கூம்பு களைதல்: பாக்கு நீரிணைப் படகு தரும் விளக்கம்

சங்கநூல்களிற் பயிலும் கலச்சொற்களுள் 'கூம்பு' என்பது பாய்மரத்தைக் குறிப்பதாம். புறநானூற்று 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பெருங்கலம் ஒன்று கூம்போடு மேற்பாயைக் களையாமலும், ஏற்றிய பாரத்தைக் குறையாமலும் புகாரின் ஆற்றுமுகத்துட் புகுந்தது என்கின்றார். களையாமற் புகுந்தது சிறப்பாயின், களைந்து புகுதலே பிற துறைகளில் வழக்கமாதல் பெறப்படும். பாயைக் களைதல் எளிதில் விளங்கும். மரத்தைக் களைதல் யாங்ஙனம்? 'ஒடு' உருபினை உடனிகழ்ச்சியாகக் கொள்ளாது, 'கூம்பிற் பொருந்திய பாய்' என்று கொண்டு இடர்ப்பாட்டை நீக்கலாமெனத் தோன்றும். அங்ஙனம் கொள்ளுமுன் கடற்கரையை ஒருமுறை நோக்குதல் நன்று.

ஆர்.எஸ்.மங்கலம் எனச் சுருக்கி வழங்கும் இராசசிங்கமங்கலம் தன் பெருங்கண்மாயாற் புகழ்பெற்றது, கடலூர் அன்று. எனினும் அதன் கிழக்கே மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. இவற்றை அடுத்த பாக்கு நீரிணை ஆழங்குறைந்த கடல். காற்று மிகுந்தால் அலை குறுகி, நெருங்கி எழும். இத்தகைய நீரில் பாய் இறக்கிய பின்னும் நெடுமரம் நிற்குமாயின், அது படகை இருபுறமும் ஆட்டும். காற்றை எதிர்த்துத் துடுப்பு வலிப்பார்க்கும் தடையாகும். ஆகவே மரத்தைச் சாய்த்தல் இங்கே விருப்பன்று, தேவையாம்.

சிறுகலங்களில் மரத்தின் அடி, படகின் அடித்தளத்திற் பொருத்திய கட்டையின் குழியில் நிற்கும். சற்று மேலே குறுக்குப் பலகை அதனைத் தாங்கும். அப்பலகையில் முழுத்துளை இட்டிருந்தால் மரத்தை நேர்மேலே தூக்கியே எடுத்தல் வேண்டும். அலையில் நின்று இதனைச் செய்தல் அரிது. கைதவறின் அடிமரம் படகின் அடியையே பிளக்கும். அத்துளையின் பின்புறத்தை வாய்போலத் திறந்துவிட்டு, கட்டையாலோ கயிற்றாலோ அடைத்துக்கொண்டால், அடைப்பை நீக்கிய அளவில் மரம் தன் அடியை ஊன்றிப் பின்னே சாயும். மாற்றம் சிறிது; பயனோ பெரிது.

இதற்குத் துணையாவது கயிற்றமைதி. பாயைத் தாங்கும் குறுக்குக் கழி பருமல். அதனை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையை அடக்குவது தாமான். ஆஞ்சானைக் காற்று வரும் பக்கத்தே இழுத்துக் கட்டினால் அதுவே மரத்துக்குப் பின்கட்டுமாகும். நிலையான கட்டுக்கயிறுகள் பல வேண்டா. படகு சாயாதிருத்தற்கு ஆட்கள் வெளியே நீண்ட பலகையில் அமர்வர். இப்பலகையை ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகள் பற்றி 1920இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் குறித்துள்ளார். இன்று பொறிப்படகு மிகுந்துவிட்டமையால், இப்பகுதியிற் பலகையும் பாயும் ஒருங்கே காணத் தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டிகளை நாடவேண்டியுள்ளது. சொற்களைத் தொகுக்க விரும்பும் மாணவர் அந்நாட்களைத் தவறவிடலாகாது.

பாம்பனில் 1914இல் திறந்த இருப்புப்பாதைப் பாலத்திலும், 2025இல் அதற்கு ஈடாக வந்த புதிய பாலத்திலும், உயர்ந்த மரமுடைய கலங்களுக்காகவே நடுப்பகுதி திறக்குமாறு அமைத்தனர். மரம் சாய்க்கத்தக்க சிறுபடகுக்கு அத்தடை இல்லை.

இவற்றால், கூம்பைப் பாயுடன் களைதல் கடலறிவுக்கு ஒவ்வாத கூற்றன்று என்பது போதரும். ஆயினும் மீன்படகின் வழக்கைப் பெருங்கலத்தின்மேல் அப்படியே ஏற்றுதல் தகாது. மதுரைக்காஞ்சி, கடுங்காற்றுக் கயிறறுத்துப் பாயைப் புடைத்துக் கூம்பின் அடியை முரித்த நாவாயைக் காட்டுகின்றது. அது எளிதிற் சாய்க்கவொண்ணாத மரம் போலும். புகாரிற் புகுந்த கலத்தின் கூம்பு எவ்வகையது என்பதற்குப் பாட்டினுட் சான்றில்லை. உடனிகழ்ச்சிப் பொருளை விலக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. யான் அதனையே கொள்வல்.