வேலை நின்றால் வைத்தியமும் நிற்குமா?

தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் காய்ச்சலோடு போகிறவரிடம் பேர் நம்பரைக் கேட்பது பழைய வழக்கம். செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பேர் இருந்தால், அல்லது பேர் உள்ளவரின் பிள்ளையோ தாய் தகப்பனோ என்றால், கொப்பியில் எழுதிக்கொண்டு மருந்து கொடுப்பார்கள். வேலையை விட்ட கிழவி மகளின் பேரைச் சொல்லி வாங்கிப் போவாள். குழு மருத்துவக் காப்புறுதி என்று இன்று கம்பனிகள் சொல்வதன் மலையக முன்னோடி இதுதான். 1872இல் காப்பித் தோட்டங்களுக்கென வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் 1912இல் வந்த சட்டமும் இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை. இரக்கம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. லயத்தில் படுத்துக் கிடப்பவரால் துரைமாருக்கு என்ன வருமானம்?

இன்று அதே லயத்துப் பிள்ளைகள் கொழும்பில் கடை, கம்பனி, ஆடைத் தொழிற்சாலை என்று வேலை பார்க்கிறார்கள். சில இடங்களில் இன்சூரன்ஸ் காட் கிடைக்கிறது. அட்டையில் பேர் நம்முடையது. ஒப்பந்தமோ கம்பனிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இடையிலானது. வேலை முடிந்தால் பொதுவாக அதுவும் முடிந்துவிடும்.

ஏன், பணம் கட்டுகிறேன், தொடர்ந்து தாருங்கள் என்று கேட்க முடியாதா? இங்கேதான் சூட்சுமம். குழுவில் ஆளுக்கு ஆள் இரத்தம் சோதித்துக் கட்டணம் போடுவதில்லை; எல்லாரையும் சேர்த்துச் சராசரி பார்க்கிறார்கள். சீனி வருத்தமுள்ள 50 வயதுக்காரரின் செலவை, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத 22 வயதுப் பையனின் கட்டணம் தாங்குகிறது. வேலை போன பிறகும் காசு கட்டித் தொடர விரும்புவது பெரும்பாலும் யார்? வருத்தக்காரர்தான். மரண உதவிச் சங்கத்தில் வீட்டில் ஆள் படுக்கையில் கிடப்பவர்கள் மட்டும் சந்தா கட்டினால் சங்கம் எத்தனை மாதம் ஓடும்? அந்தப் பயம்தான் காப்புறுதிக்காரருக்கும்.

அமெரிக்கா இதற்குச் சட்டம் போட்டது. 1986 முதல், 20 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் வேலை இழந்தவர் பொதுவாக 18 மாதம் வரை அதே காப்பில் இருக்கலாம். ஆனால் முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்து முழுக் கட்டணத்தையும், அதற்கு மேல் 2 வீதம் வரையும் தானே கட்ட வேண்டும். சம்பளம் நின்ற மாதத்தில்! இந்தியாவின் இ.எஸ்.ஐ. வேறு மாதிரி: குறைந்தது 5 ஆண்டு காப்பில் இருந்து ஓய்வுபெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபா கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் வைத்தியம் தொடரும். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

இலங்கைத் தனியார் துறைக்கு அப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அங்கே எந்தச் செக்ரோலும் கேட்பதில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரி இருக்கிறது. அட்டன் பக்கத்தாருக்கு இந்திய உதவியில் கட்டி 2017இல் திறந்த டிக்கோயா ஆஸ்பத்திரி இருக்கிறது. அவசரத்துக்கு 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இருக்கிறது. காட் போனால் உண்மையில் இழப்பது தனியார் ஆஸ்பத்திரி அறையையும், வரிசையில் நிற்காத ஸ்கேனையும், வெளியே வாங்கச் சொல்லும் மருந்துக்கான காசையும்தான். அதுவும் சின்ன இழப்பில்லை.

பலர் மறந்துபோகும் ஒன்று ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதியம். முதலாளி சம்பளத்தில் 3 வீதம் கட்டும் இந்த நிதியம், இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வில்லை வைத்தல் போன்றவற்றுக்கும் உதவுகிறது. அது பணம் கட்டப்பட்டுவரும் அங்கத்தவருக்கு. கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தால் வேலையில் இருக்கும்போதே வில்லை வைத்துக்கொள்வது புத்தி. கம்பனிக் காப்புறுதியிலும், வேலையில் இருந்தபோது செய்த வைத்தியத்துக்கு அசல் பில்லும் ஆஸ்பத்திரி தரும் டயக்னோசிஸ் காட்டும் வைத்துக் காசு கேட்கலாம். கேட்பதற்கான தவணை தாண்டக் கூடாது. தனிக் காப்புறுதி எடுக்க நினைப்பவர் வேலை போகும்வரை காத்திருப்பது சரியில்லை. பழைய வருத்தங்களுக்கு அதில் காத்திருப்புக் காலம் இருக்கும்.

சீனி, பிரஷருக்குக் கம்பனிக் காட்டில் தனியாரிடம் காட்டிவந்தவர்கள், கடைசி நாளுக்கு முன்பே பக்கத்து அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பதிந்து கொப்பி போட்டுக்கொள்ளுங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும், குடிக்கும் குளிசைகளை உறையோடும் கொண்டு போங்கள். மருந்தின் பெயரைப் பார்த்தால்தான் அங்குள்ள டொக்டர் அதையே தொடர்வதா, கிளினிக்கில் இருப்பதற்கு மாற்றுவதா என்று முடிவெடுப்பார்.