மாடு கொடுத்தாச்சு, அப்புறம்?

இந்த எபிசோடுல ஒரே ஒரு கேள்வி. ஒரு குடும்பத்துக்கோ ஒரு ஊருக்கோ நிதி கொடுத்த பிறகு, அதோட பலன் நிலைச்சு நிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கள்ளக்குறிச்சியையே எடுத்துப்போம். 2024 ஜூன்ல கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் அறுபது பேருக்கு மேல உயிரை எடுத்தது. அதுக்கப்புறம் போலீஸ் கல்வராயன் மலையில ஏறி ஊறலை எல்லாம் கொட்டி அழிச்சாங்க. எத்தனை லிட்டர் அழிச்சாங்கன்னு செய்தி வந்துச்சு. இன்னொரு பக்கம், சாராயத் தொழிலை விட்டவங்களுக்கு அரசோட மறுவாழ்வு நிதி பல வருஷமா இருக்கு. அதை வெச்சுக் கறவை மாடு வாங்கலாம், பெட்டிக்கடை வைக்கலாம். அங்கயும் கணக்கு, எத்தனை பேருக்குக் கொடுத்தோம்ங்கிறதுதான்.

நாங்க ஆப் செய்யும்போது டவுன்லோடு எண்ணிக்கையை மட்டும் காட்டினா மேனேஜர் ஒத்துக்க மாட்டார். "மூணு மாசம் கழிச்சு எத்தனை பேர் திறக்கிறாங்க?"ன்னு கேட்பார். நிதிக்கும் அதே கேள்விதான்.

இங்கதான் சர்வீஸ் டிசைன் உதவுது. 1984-ல லின் ஷோஸ்டாக், ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழ்ல ஷூ பாலிஷ் போடுற ஒரு சின்ன வேலையைப் படிப்படியா வரைஞ்சு காட்டினாங்க. எந்தப் படியில தப்பு நடக்கலாம்னும் குறிச்சாங்க, உதாரணமா தப்பான நிற பாலிஷ். சேவையை இப்படி வரைபடமா பார்க்கிறதுதான் அடிப்படை.

அதே மாதிரி மாட்டோட பாதையை வரைவோம். விண்ணப்பம், வங்கிக் கணக்கு, மாடு வாங்குறது. ஆபீஸ் ஃபைல் இங்க முடிஞ்சிடும். குடும்பத்துக்கு இங்கதான் ஆரம்பம். கோடையில தீவனம் எங்க கிடைக்கும்? மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னா டாக்டர் எவ்வளவு தூரம்? பாலை யார் வந்து எடுத்துப்பாங்க? மாடு பால் வத்தி நிக்கிற மாசங்கள்ல வீட்டுச் செலவுக்கு என்ன வழி? அந்த மாசம் பழைய வியாபாரி அட்வான்ஸோட வாசல்ல வந்து நின்னா?

ஒவ்வொரு கேள்வியும் ஒரு அளவுகோல். 6, 12, 24 மாசம் கழிச்சுப் போய்ப் பார்க்கணும். மாடு இருக்கா, வித்தாச்சுன்னா ஏன், பால் சொசைட்டி நோட்டுல என்ன பதிவாகியிருக்கு, பால் இல்லாத மாசம் யார்கிட்ட கடன் வாங்கினாங்க. "இன்னும் காய்ச்சுறீங்களா?"ன்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்லப் போறதில்ல. கேட்கப் போறவர் போலீஸா இருக்கவும் கூடாது. அப்புறம், விண்ணப்பிச்சும் நிதி கிடைக்காதவங்ககிட்டயும் இதே கேள்விகளைக் கேட்கணும். இல்லைன்னா நல்ல மழை செஞ்ச உதவியையும் நிதியோட கணக்குல எழுதிடுவோம்.

இதைச் செஞ்சு பார்த்தவங்க இருக்காங்க. வங்கதேசத்துல பிராக் அமைப்பு 2002-ல தொடங்கின திட்டத்துல, பரம ஏழைக் குடும்பங்களுக்குக் கால்நடையோட கொஞ்ச காலத்துக்குச் செலவுப் பணம், பயிற்சி, வீட்டுக்கே வந்து விசாரிக்கிற ஆள்னு எல்லாம் சேர்ந்தே வந்துச்சு. அதே மாதிரித் திட்டங்களை இந்தியா உட்பட ஆறு நாடுகள்ல, உதவி கிடைக்காதவங்களோட ஒப்பிட்டு ஆராய்ஞ்சாங்க. 2015-ல முடிவு வந்துச்சு. உதவி நின்னு ஒரு வருஷம் ஆன பிறகும் பெரும்பாலான இடங்கள்ல பலன் நிலைச்சிருந்தது.

கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில இருந்த பகுதி. 2024-லயும் அங்க ரோடு உள்ளிட்ட அடிப்படை வசதிகளுக்காக உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. ரோடு இல்லாத ஊர்ல பால் கீழ இறங்காது. அப்படி ஒரு குடும்பம் மாட்டை வித்துட்டுப் பழைய தொழிலுக்குப் போனா, நம்ம ரெஜிஸ்டர் "திருந்தல"ன்னு எழுதும். வரைபடம் இருந்தா, எந்தப் படியில நாம கையை விட்டோம்னு தெரியும்.

உங்க ஊர்ல வந்த ஏதாவது ஒரு நிதியை எடுத்து, இந்த மாதிரி வரைஞ்சு பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.