தீனுக்கு நொதியம்: பைக்கற்றை வாங்குமுன்

"நானா, இந்தப் பவுடரைக் கலந்தா தீன் மிச்சமாகுமாமே, உண்மையா?" முந்தல் பக்கத்து இறால் பண்ணைக்காரர் ஒருவர் கடைக்கு வந்து கேட்டார். கையில் ஒரு நொதியப் பைக்கற்.

கேள்வி நியாயமானது. இறால் வளர்ப்பில் பெருஞ்செலவு தீன்தான். ஒரு கிலோ இறாலுக்கு 1.6 கிலோ தீன் போகிறதென்று வையுங்கள். அது 1.5 ஆக இறங்கினால் ஒரு தொன் அறுவடையில் 100 கிலோ தீன் மிச்சம்.

மீன்மாவின் விலை ஏற ஏற, தீனில் சோயாப் புண்ணாக்கு கூடிவிட்டது. சோயாவிலுள்ள பொசுபரசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேற் என்ற பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. மீனுக்கோ இறாலுக்கோ அதைத் திறக்க முடியாது; கழிவாகவே வெளியேறும். திறக்கும் சாவிதான் பைட்டேஸ் என்ற நொதியம். 1991இல் ஒல்லாந்தில் கால்நடைத் தீனுக்காக இது சந்தைக்கு வந்தது. சாணத்துப் பொசுபரசு அங்கே நீர்நிலைகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நமக்கும் அந்தக் கவலை உண்டு. ஒரு பண்ணை ஒல்லாந்தர் கால்வாய்க்குள் விடும் தண்ணீரைத்தான் அடுத்த பண்ணை இறைத்து எடுக்கிறது.

சிக்கல் இனித்தான். இவ்வகை நொதியங்களில் பெரும்பாலானவை புளிப்பான இரைப்பையிலேயே நன்கு வேலை செய்யும். திலாப்பியாவுக்கு அப்படிப்பட்ட இரைப்பை உண்டு, இறாலுக்கு இல்லை. திலாப்பியாவில் கண்ட பலனைக் காட்டி இறால்காரருக்கு விற்பது நேரான வியாபாரமல்ல. நானும் ஒருமுறை, இறக்குமதிக்காரர் ஒருவரின் பேச்சை நம்பி இப்படி விற்று, வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கியவன்.

இன்னொன்று சூடு. தீன்குருணை நீராவியில் வேகும்போது சாதாரண நொதியம் செத்துவிடும். அதனால் ஆலைகள் ஆறிய பின்பு தெளிக்கின்றன, அல்லது சூடு தாங்கும் வகையைப் போடுகின்றன. குளக்கரையில் வெறும் தூளாகக் கலந்தாலோ, இறால் கொறித்துக் கொறித்துத் தின்பதற்குள் பாதி தண்ணீரில் கரைந்துவிடும். எண்ணெய் பூசிக் கலந்தால் ஓரளவு தங்கும்.

நொதியம் நோய்க்கு மருந்துமல்ல. 1996இல் நம் கரையோரப் பண்ணைகளைக் கவிழ்த்த வெண்புள்ளி நோய் வைரசால் வந்தது. அதைத் தடுக்கும் என்று எவராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

வந்தவரின் பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தேன். எந்த நொதியம், எவ்வளவு வலு, எப்போது காலாவதி, ஒன்றுமே இல்லை. "முதலில் உங்கள் தீனில் ஆலையே நொதியம் சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், விபரம் எழுதிய பைக்கற்றாக வாங்கி ஒரு குளத்தில் மட்டும் போட்டு, பக்கத்துக் குளத்தோடு தீன் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள்" என்றேன்.