'கொஞ்சம் லான்' – சதுர அடிக்கு என்ன விலை?

நாக்பூரில் நம்மவர்கள் வீடு கட்டுவது பெரும்பாலும் ஓய்வு பெறும் தறுவாயில்தான். பி.எஃப். பணம் கைக்கு வந்ததும் வார்தா ரோடு பக்கமோ பேசா பக்கமோ ஒரு மனை, அதில் அடக்கமாக ஒரு வீடு, வாசலில் 'கொஞ்சம் லான்'. வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்டு, எத்தனை டன் கம்பி என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள்கூட இந்தக் 'கொஞ்சம் லான்' மாதாமாதம் எவ்வளவு கேட்கும் என்று விசாரிப்பதில்லை. போன பொங்கல் விழாவில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மூன்று அன்பர்கள் என்னிடம் இதைக் கேட்டார்கள். ஆறு வருடமாக நான் கணக்கு எழுதி வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியும். இருப்புப் பாதைப் பிரிவில் முப்பத்தாறு வருடம் அளவுப் புத்தகம் எழுதிய பழக்கதோஷம்!

என் புல்தரை 40 அடிக்கு 20 அடி, அதாவது 800 சதுர அடி. புதிதாகப் போட மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒருவர் சதுர அடிக்கு 22 ரூபாய், அடுத்தவர் 35, மூன்றாமவர் 52. மூவரும் அதே 'செலக்‌ஷன் நம்பர் ஒன்' புல்லைத்தான் சொன்னார்கள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? எல்லாம் புல்லுக்குக் கீழே இருக்கிற சமாச்சாரம்.

நம் ஊர் மண் கரிசல். மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். கரிசல் பூமியில் தண்டவாளம் போடும்போது, மண்மேட்டின் மேல் சரளை கலந்த நல்ல மண்ணை ஓர் அடுக்கு விரித்து 'பிளாங்கெட்' கொடுத்த பிறகே ஜல்லி கொட்டுவோம். இல்லாவிட்டால் ஜல்லி சேற்றில் புதைந்துபோகும். புல்லுக்கும் அதே நியாயம்தான். மேலாக ஆறு அங்குலக் கரிசலை எடுத்துவிட்டு, தண்ணீர் வடியும்படி செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்ப வேண்டும். 800 சதுர அடிக்கு ஆறு அங்குலம் என்றால் 400 கன அடி. இங்கே லாரிக்காரர் பாஷையில் நாலு 'பிராஸ்'. (நம் ஊரில் 'யூனிட்' என்று சொல்வோமே, அதே 100 கன அடிதான்.) 22 ரூபாய்க்காரர் இந்த வேலையைச் சேர்க்கவே இல்லை, இருக்கிற மண்ணைக் கொத்தி அதன் மேலேயே புல்லை விரித்துவிடுவார். 52 ரூபாய்க்காரர் தானியங்கித் தண்ணீர்க் குழாயையும் சேர்த்திருந்தார். நான் 35-க்கு எழுதி வாங்கினேன். மொத்தம் 28,000 ரூபாய். எழுதி வாங்கும்போது மண் எத்தனை அங்குலம், எரு எத்தனை மூட்டை, பட்டுப்போன இடத்தை எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்ற மூன்றையும் கேளுங்கள். 'எல்லாம் பண்ணித் தர்றோம் சாப்' என்பது ஒப்பந்தம் ஆகாது.

புல் ரகத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். 'செலக்‌ஷன்' என்பது நம் அருகம்புல்லின் குட்டை ரகம்தான். மராத்தியில் துர்வா, இந்தியில் தூப். வெயில் தாங்கும், நிழல் தாங்காது. மாமரத்தடியில் போட்டுவிட்டு மாலியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு அக்கம்பக்கத்தார் வந்து பறித்துக்கொண்டு போவார்கள். களைக்கொல்லி அடித்திருந்தால் அதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

நிற்க. இனி மாதாந்தரச் செலவு. இங்கே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற மாலி. என் மாலிக்கு மாதம் 1,800 ரூபாய் கொடுக்கிறேன். மற்றது, வருட ஒப்பந்தம் எடுக்கும் தோட்டக் கம்பெனி. என் அளவுக்கு அவர்கள் கேட்டது மாதம் 4,500, உரமும் மருந்தும் தனி. கம்பெனியில் சீருடையும் ரசீதும் உண்டு, ஆள் வராவிட்டால் மாற்று ஆள் உண்டு. வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டுக்கு அது ஒரு சௌகரியம்தான். ஆனால் மாதம் ஒரு புதுமுகம் வரும். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பது அவருக்குத் தெரியாது.

பணம் எந்த வேலைக்குப் போகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். வெட்டுவதற்கு இல்லை! 12 அங்குல அகல உருளை மெஷினைத் தள்ளினால் என் தரைக்கு ஆயிரம் அடி நடை, இருபது நிமிஷ வேலை. (அந்த மெஷின் பிறந்த கதை வேடிக்கை. துணி ஆலையில் கம்பளியின் பிசிறை நறுக்கும் யந்திரத்தைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பவர் 1830-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.) ஓரம் கத்தரிக்க அரை மணி. மிச்ச நேரமெல்லாம் கோரை பிடுங்குவதற்குத்தான். இங்கே 'மோத்தா' என்கிறார்கள். மேலே இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்து ஒரு வாரத்தில் மறுபடி முளைக்கும். குர்பியால் குத்திக் கிழங்கோடு எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் 800 சதுர அடியை ஒருமுறை சுத்தமாக எடுக்க ஓர் ஆளுக்கு முழு நாள் ஆகிறது.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். 800 சதுர அடி என்பது ஏறக்குறைய 75 சதுர மீட்டர். 45 டிகிரி தொடும் நம் கோடையில் தினம் ஐந்து மில்லிமீட்டராவது கொடுத்தால்தான் பச்சை நிற்கும். அதாவது தினம் 375 லிட்டர், மூன்று மாதத்துக்குச் சுமார் 34,000 லிட்டர். ஆழ்துளைக் கிணறு கைகொடுத்தால் மின்சாரச் செலவோடு போயிற்று. எங்கள் தெருவில் ஏப்ரலிலேயே அது காற்றைத்தான் ஊதுகிறது. 5,000 லிட்டர் டேங்கர் போன கோடையில் 900 ரூபாய். ஏழு டேங்கருக்கு 6,300 ஆயிற்று.

உரம் சொற்பம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கம்பெனி 'உர சிகிச்சை' என்று 1,500 ரூபாய்க்குப் பில் போட்டது. போட்டது யூரியா! சதுர மீட்டருக்குப் பத்து கிராம் வீதம் முக்கால் கிலோ போதும். நர்சரியில் பொட்டலமாக வாங்கினாலும் நூறு ரூபாய்க்குள் முடியும். ஈர மண்ணில் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது வருடக் கூட்டல். மாலிக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தோடு தீபாவளிக்கு ஒரு மாதம், 23,400. டேங்கர் 6,300. மழைக்கு முன் மேல்மண்ணும் எருவும் 2,500. மெஷின் சாணை இரண்டு தடவை 1,000. உரம் 500. ஆக 33,700 ரூபாய். மாதத்துக்கு 2,800, சதுர அடிக்கு வருடம் 42 ரூபாய். போடும்போது கொடுத்தது 35! ஒவ்வொரு வருடமும் புதுசாகப் போட்டதற்கு மேலேயே ஆகிறது. பென்ஷன்காரர் வீடு கட்டும்முன் பார்க்க வேண்டிய எண் இந்த 42-தான்.

இதைச் சொன்னதும் ஓர் அன்பர், "அப்ப மாலி சம்பளத்தைக் குறைச்சிடலாமே சார், ஆயிரத்து இருநூறுக்கு ஆள் கிடைக்கிறானே" என்றார். கிடைப்பார், வாஸ்தவம். மாதம் ஒன்பது வருகை என்று வைத்தால், ஒரு வருகைக்கு இப்போது நான் கொடுப்பதே 200 ரூபாய். அதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வெயிலில் குந்தியிருக்கிறார். சம்பளத்தைக் குறைத்தால் அவர் புல் வெட்டுவதைக் குறைக்க மாட்டார், அது நம் கண்ணுக்குத் தெரியும். கோரை பிடுங்குவதைத்தான் குறைப்பார். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் இப்படி வருடம் 7,200 மிச்சம் பிடித்தார்கள். இரண்டு மழைக்காலத்தில் தரை முழுக்கக் கோரை. கொத்தி எடுத்துவிட்டு மறுபடி போட்டார்கள். மிச்சம் பிடித்ததற்கு இரண்டு மடங்கு செலவாயிற்று. குளிர்காலத்தில் புல் வளராது, வேலை குறைவுதான். அதற்காக அந்த மாதங்களில் சம்பளத்தைப் பிடிப்பவர்களையும் பார்க்கிறேன். ஆடியில் முழு நாள் குனிந்தவருக்கு மார்கழியில் கொஞ்சம் நிமிரக் கூடாதா என்ன?

சிக்கனம் பிடிக்க வேண்டியது அளவில். நான் இந்த வருடம் புல்தரையைப் பாதியாக்கிவிட்டேன். 400 சதுர அடியில் நாலு நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி சாப்பிடத் தாராளமாக இடம் இருக்கிறது. மறு பாதியில் ஒரு முருங்கை, இரண்டு கறிவேப்பிலை, கொஞ்சம் கத்திரி. டேங்கர் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மாலியின் சம்பளம் அதேதான், காய்கறிப் பாத்தியும் அவர் பொறுப்பு. "சாப், மோத்தாவுக்கு இப்போ இடம் கம்மி" என்று சிரித்தார்.

போடுகிறவர்கள் நாளைக் கவனியுங்கள். மழை பிடித்துவிட்டால் கரிசலில் மண்வெட்டி இறங்காது, காலும் மேலே வராது. மண் வேலை ஜூன் முதல் வாரத்துக்குள் முடிய வேண்டும். இரண்டு நல்ல மழைக்குப் பிறகு புல்லை விரித்தால் தண்ணீர்ச் செலவில்லாமல் வேர் பிடிக்கும். ஆகவே விலை விசாரிப்பதை ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.