மரபணு முடக்கப்பட்ட சுண்டெலி சொல்லும் சேதி

திருமணமாகி இரண்டு ஆண்டுகளில் குழந்தை இல்லையென்றால், வல்லத்திராக்கோட்டை போன்ற சிற்றூர் ஆனாலும் சென்னை ஆனாலும் பேச்சு முதலில் மருமகளைச் சுற்றித்தான் எழும். குறை யாரிடம், எந்தக் கட்டத்தில் என்று பிரித்தறிய அறிவியலுக்குப் பெரிதும் கைகொடுத்தது சுண்டெலி.

அதன் கர்ப்பகாலம் சுமார் 20 நாள்தான். மனித மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு எலியிலும் இணை உண்டு. எனவே ஒரு மரபணுவின் வேலை என்ன என்று அறிய, அதை எலியில் முடக்கிப் பார்க்கிறார்கள். இந்த முறையை உருவாக்கிய மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் மூவரும் 2007-இல் நோபல் பரிசு பெற்றனர்.

பெரும்பாலும் ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். ஆய்வகத்தில் முதலில் ஒரு பிரதி மட்டும் பழுதான எலிகளை உருவாக்குவார்கள். அத்தகைய ஆணையும் பெண்ணையும் இணைசேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு இரண்டு பிரதிகளுமே பழுதாக இருக்க வேண்டும். அப்படியொரு குட்டிகூடப் பிறக்கவில்லையா? அவை கருவிலேயே அழிந்துவிட்டன. கர்ப்பத்தின் வெவ்வேறு நாட்களில் கருக்களை எடுத்துப் பார்த்து, வளர்ச்சி எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுபிடிப்பார்கள். 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில் 1,751 மரபணுக்களைச் சோதித்தார்கள். அவற்றில் 410 மரபணுக்கள், முடக்கினால் எலி பால்குடி மறக்கும் பருவத்தைக்கூட எட்டாது என்னும் அளவுக்கு இன்றியமையாதவை.

சில நேரம் பழுது கருவில் இருக்காது. 1992-இல் காலின் ஸ்டூவர்ட் குழுவினர் 'லிஃப்' என்ற மரபணுவை முடக்கினர். பெண் எலிகள் நலமாக வளர்ந்தன, கருவும் உருவானது. ஆனால் அது கருப்பைச் சுவரில் பதியவில்லை. அதே கருக்களை இயல்பான வேறு எலியின் கருப்பையில் வைத்ததும் பதிந்து வளர்ந்தன. கருவை ஏற்கக் கருப்பை தயாராவதற்கு லிஃப் தேவை என்பது அப்போது தெளிவானது.

சில நேரம் பழுது ஆணிடம் இருக்கும். 'ஸ்பாட்டா6' என்ற மரபணு முடங்கிய ஆண் எலியின் விந்தணுவில் தலையும் வாலும் ஒட்டி நிற்பதில்லை. 'கேட்ஸ்பர்-டி' என்ற மரபணு முடங்கினால், முட்டையைத் துளைக்கத் தேவையான வேகம் விந்தணுவுக்கு வராது. இரண்டிலும் ஆண் எலி மலடு. வெளிப்பார்வைக்கு அதனிடம் ஒரு குறையும் தெரியாது.

இது எலியோடு நின்றுவிடவில்லை. ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் (சிசிஎம்பி) குமாரசாமி தங்கராஜ் குழுவினர், குழந்தைப்பேறு இல்லாத 47 ஆண்களின் மரபணுக்களை வாசித்தனர். பிறகு நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த சுமார் 1,500 ஆண்களிடம் அந்த முடிவுகளைச் சரிபார்த்தனர். ஆண்களின் குழந்தையின்மையோடு தொடர்புடையவை என்று 2022-இல் அவர்கள் அறிவித்த 8 மரபணுக்களில் மேற்சொன்ன இரண்டும் இருக்கின்றன.

எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. ஒரு மரபணு முடங்கினால் இன்னொன்று அதன் வேலையை ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஆனால் குழந்தையின்மைக்கு ஆண், பெண் இருவரில் எவரும் காரணமாகலாம் என்பதில் ஐயமில்லை. விந்துப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. மருத்துவரிடம் போகும்போது முதல் நாளே கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள்.