ஒரு பெஞ்ச், ஒரு பாட்டி... ஜிம்பாப்வேயில் உடைந்த மனங்களை மீட்கும் மரத்தடி சிகிச்சை!

ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் பல அரசு சுகாதார நிலையங்களின் வளாகத்தில், மரத்தடியில் ஒரு சாதாரண மரபெஞ்ச் கிடக்கும். அதில் தலையில் துணி கட்டிய ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஓர் இளம்பெண் குனிந்த தலையோடு ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். பார்ப்பவர்களுக்கு ஊர்க்கதை பேசுவதுபோலத்தான் தெரியும். ஆனால், உலகின் முன்னணி மருத்துவ இதழ்களில் ஒன்றே பாராட்டி வெளியிட்ட சிகிச்சை அது. 'நட்பு பெஞ்ச்' என்பது அதன் பெயர்.

மருத்துவப் பட்டம் பெறாத, கணவரையும் பிள்ளைகளையும் இழந்த துயரத்தைப் பலரும் சுமந்துகொண்டிருந்த பாட்டிகள்தான் இங்கே சிகிச்சையாளர்கள். அவர்களால் எப்படி மற்றவர்களின் மனதை மீட்க முடிந்தது?

பஸ் கட்டணம் இல்லாததால் போன உயிர்

இந்தக் கதை ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. டிக்ஸன் சிபாண்டா, ஜிம்பாப்வேயின் மனநல மருத்துவர். 2005-ம் ஆண்டு, அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த 26 வயதுப் பெண் ஒருவர் தற்கொலைக்கு முயன்றார். வெளியூர் மருத்துவமனையில் உயிர் பிழைத்தவரை, உடல் தேறியதும் ஹராரேவுக்கு அழைத்து வரும்படி தாயிடம் சொன்னார் டிக்ஸன். அவர்கள் வரவில்லை. சில வாரங்களில் தாயிடமிருந்து போன் வந்தது. மகள் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தியைச் சொன்னார் அந்தத் தாய்.

'ஏன் என்னிடம் அழைத்து வரவில்லை?' என்று கேட்ட டிக்ஸனுக்குக் கிடைத்த பதில், அவரைத் தூங்கவிடாமல் செய்தது. ஹராரே வருவதற்கான பஸ் கட்டணம் 15 டாலர். அது அவர்களிடம் இல்லை.

அப்போது நாடே நொறுங்கிக்கிடந்தது. 2005 மே மாதம், சட்டவிரோதக் குடியிருப்புகளை அகற்றுகிறோம் என்று அரசு நடத்திய இடிப்பு நடவடிக்கையில் சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ, பிழைப்பையோ, இரண்டையுமோ இழந்ததாக ஐ.நா மதிப்பிட்டது. இன்னொரு பக்கம் எய்ட்ஸ். 1990-களின் இறுதியில், வயது வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி தொற்று இருந்த நாடு அது. பெற்றோர் இறந்துபோக, பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர்கள் பாட்டிகள். பின்னர் வந்த பணவீக்கத்தில், 100 லட்சம் கோடி டாலர் நோட்டு அச்சடிக்கும் நிலைக்கு நாடு போனது. 2008-ல் பரவிய காலரா 4,000-க்கும் அதிகமானவர்களைக் கொன்றது.

இவ்வளவு காயங்களுக்கும் மருந்து போட எத்தனை மனநல மருத்துவர்கள் இருந்தார்கள்? சுமார் 1 கோடியே 40 லட்சம் மக்களுக்கு 12 பேர்! 2017-ல் ஆற்றிய ஓர் உரையில் டிக்ஸனே சொன்ன கணக்கு இது.

கட்டடம் இல்லை, நர்ஸ் இல்லை... கிடைத்தவர்கள் 14 பாட்டிகள்!

நோயாளிகள் மருத்துவமனைக்கு வர முடியவில்லை என்றால், சிகிச்சை அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். இந்த முடிவோடு ஹராரேயின் பழைமையான, ஏழைகள் நெருக்கியடித்து வாழும் ம்பாரே பகுதிக்கு வந்தார் டிக்ஸன். அங்கிருந்த சுகாதார நிலையத்தில் நர்ஸ்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒதுக்கித் தர ஓர் அறைகூட இல்லை. அவருக்குக் கிடைத்தவர்கள் 14 பாட்டிகள் மட்டுமே.

அந்தப் பகுதியில் காசநோய், எச்.ஐ.வி, சுத்தம் பற்றி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவந்த சுகாதாரத் தொண்டர்கள் அவர்கள். மக்கள் அவர்களை 'அம்புயா உத்தானோ' என்பார்கள். ஆரோக்கியப் பாட்டி என்று பொருள்.

டிக்ஸனுக்கே ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை. அதிகம் படிக்காத பாட்டிகளை வைத்து மன அழுத்தத்துக்குச் சிகிச்சையா? ஆனால், வேறு வழி இல்லை. அறை கிடைக்காததால் வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்ச் போடப்பட்டது. 2006-ல் இப்படித்தான் தொடங்கியது.

முதலில் அதற்கு வைத்த பெயர் 'மனநல பெஞ்ச்'. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 'இந்தப் பெயர் இருந்தால் ஊர் முன்னால் எவள் வந்து உட்காருவாள்?' என்ற ரீதியில் பாட்டிகள்தான் விஷயத்தைப் புரியவைத்தார்கள். பெயர் 'நட்பு பெஞ்ச்' என்று மாறியது. கூட்டம் வர ஆரம்பித்தது.

மருத்துவப் புத்தக வார்த்தைகளையும் ஓரம் கட்டச் சொன்னார்கள் பாட்டிகள். 'டிப்ரஷன்' என்றால் அங்கே யாருக்கும் புரியாது. ஆனால், ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் இருக்கிறது. 'அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது' என்று அர்த்தம். 'எனக்கு மன அழுத்தம்' என்று சொல்லத் தயங்குகிறவர்கள், 'ரொம்ப யோசிக்கிறேன் பாட்டி' என்று சொல்லத் தயங்கவில்லை.

பெஞ்ச்சில் என்ன நடக்கிறது?

சும்மா ஆறுதல் சொல்லி அனுப்புவது அல்ல இது. பாட்டிகளுக்கு முறையான பயிற்சி உண்டு. சிகிச்சைக்கும் ஒழுங்கான படிகள் உண்டு.

முதலில், கடந்த ஒரு வாரத்தில் தூக்கம் எப்படி, அதிகம் யோசித்தீர்களா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்பதுபோன்ற 14 கேள்விகள். 'ஆம்' என்ற பதில்கள் ஓர் எண்ணிக்கையைத் தாண்டினால், அவருக்கு பெஞ்ச்சில் இடம். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தாலோ, நோய் முற்றியிருந்தாலோ பாட்டி தானே கையாள மாட்டார். உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்பிவிடுவார்.

இந்தக் கேள்வித்தாளுக்குப் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார். 1990-களில் ஹராரேயில் பணியாற்றிய மனநல மருத்துவர் விக்ரம் படேல்தான் உள்ளூர் மக்களின் வார்த்தைகளைக் கேட்டு அதை உருவாக்கியவர். பின்னர் இவர் கோவாவில் 'சங்கத்' என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, சாதாரண மக்களுக்கே பயிற்சி கொடுத்து மனநல ஆலோசகர்களாக்கும் முறையை இந்தியாவிலும் செய்து காட்டினார்.

அடுத்தது பேச்சு. அதில் மூன்று கட்டங்கள். முதலாவது 'மனதைத் திறப்பது'. உதாரணமாக, ஒரு பெண் வருகிறார். எச்.ஐ.வி இருப்பது தெரிந்திருக்கிறது. கணவரிடம் சொல்லப் பயம். வீட்டு வாடகை பாக்கி. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை. எல்லாவற்றையும் கொட்டவிடுகிறார் பாட்டி. பிறகு, 'இதில் எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம் மகளே?' என்று கேட்கிறார். ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வாடகை என்று அவர் சொன்னால், அதற்கு என்னென்ன வழிகள் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். சந்தையில் தக்காளி விற்பதா, உறவினரிடம் கடன் கேட்பதா, வீட்டுக்காரரிடம் அவகாசம் கேட்பதா? அதில் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு அடுத்த முறை வர வேண்டும்.

இரண்டாவது கட்டம் 'தூக்கி நிறுத்துவது'. மூன்றாவது 'உறுதிப்படுத்துவது'. ஒரு பிரச்னையின் முடிச்சு அவிழ்ந்ததும் அடுத்த முடிச்சு. இப்படி ஆறு சந்திப்புகள்.

பாட்டிகளுக்குக் கஷ்டமாக இருந்த பாடம் ஒன்றுதான். அறிவுரை சொல்லாமல் இருப்பது! நம் ஊர்ப் பாட்டிகளைப் போலவே, 'நீ இப்படிச் செய்' என்று சொல்லித்தான் அவர்களுக்கும் பழக்கம். ஆனால், பாட்டி சொன்ன வழியில் போய் அது பலிக்காவிட்டால், வந்தவர் இன்னும் சோர்ந்துபோவார். தானே கண்டுபிடித்த வழி என்றால், சிறிய வெற்றிகூட 'என்னால் முடிகிறது' என்ற தெம்பைத் தரும். நொறுங்கிப்போன மனதுக்கு முதலில் திரும்ப வேண்டியது அந்தத் தெம்புதான்.

பை பின்னும் வட்டம்

ஆறு சந்திப்பு முடிந்ததும் 'போய் வா' என்று விட்டுவிடுவதில்லை. ஏற்கெனவே பெஞ்ச்சில் உட்கார்ந்து மீண்டவர்கள் ஒன்றாகக் கூடும் ஒரு குழு இருக்கிறது. 'குபத்தானா தோசே' என்று பெயர். எல்லோரும் கைகோப்போம் என்று பொருள்.

இங்கே வட்டமாக உட்கார்ந்து, மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக் இழைகளால் கைப்பைகள் பின்னுகிறார்கள். கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கிறது. யாருக்கு என்ன நடந்தது, எப்படிச் சமாளித்தார் என்று பேச்சு வளர்கிறது. பையை விற்றால் கொஞ்சம் காசும் கிடைக்கிறது. முதல் நாள் அழுதுகொண்டு வந்தவரே, சில மாதங்களில் புதிதாக வருபவருக்குப் பின்னலும் தைரியமும் சொல்லிக்கொடுக்கிறார்.

ஆய்வு சொன்ன பதில்

'நல்ல கதைதான், ஆனால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா?' என்ற கேள்வி எழும். அதற்கும் பதில் தேடினார்கள். ஹராரேயில் 24 சுகாதார நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, 573 பேரிடம் ஆய்வு நடந்தது. பாதி நிலையங்களுக்கு வந்தவர்களுக்கு வழக்கமான மருத்துவ கவனிப்பும் மனநலம் பற்றிய தகவல்களும் தரப்பட்டன. மறுபாதிக்கு நட்பு பெஞ்ச்.

ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் சுமார் 50 சதவிகிதம் பேருக்கு மன அழுத்த அறிகுறிகள் நீடித்தன. பெஞ்ச்சில் பேசியவர்களில் அது சுமார் 14 சதவிகிதம்தான். 2016 டிசம்பரில், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் இந்த முடிவுகள் வெளியாயின. ஆய்வில் பங்கேற்றவர்களில் 40 சதவிகிதத்துக்கும் அதிகமானோர் எச்.ஐ.வி-யுடன் வாழ்பவர்கள்.

இன்னொரு விஷயத்தையும் அந்த ஆய்வு காட்டியது. பங்கேற்றவர்களில் 86 சதவிகிதம் பெண்கள். ஆண்கள் அந்த பெஞ்ச்சுக்கு அவ்வளவாக வரவில்லை. அழுவதற்கும் பேசுவதற்கும் ஆண்கள் தயங்குவது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அதன் பிறகு மலாவி, சான்சிபார், வியட்நாம், நியூயார்க் என்று பெஞ்ச் பயணப்பட்டது. 2022-ல் கத்தாரில் நடந்த உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது, பங்கேற்ற 32 நாடுகளின் அடையாளமாக 32 நட்பு பெஞ்ச்களை அமைத்தது உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு முயற்சி. ஏழை நாட்டின் மரத்தடியில் பிறந்த ஒரு யோசனையைப் பணக்கார நாடுகள் கற்றுக்கொண்டது அபூர்வம்தானே!

பாட்டிகளுக்கு என்ன ஆனது?

தினமும் அடுத்தவர்களின் துயரத்தையே கேட்டால் இந்தப் பாட்டிகள் ஒடிந்துபோய்விட மாட்டார்களா? டிக்ஸன் குழுவினருக்கும் இதே கவலை இருந்தது. இவர்களும் வறுமையில் வாழ்பவர்கள். எய்ட்ஸுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இவர்களிலும் உண்டு.

ஆனால், அவர்கள் கண்டது நேர்மாறு. பாட்டிகள் உறுதியாக இருந்தார்கள். மற்றவருக்குப் பயன்படுகிறோம் என்ற நிறைவே அவர்களைத் தாங்கிப் பிடிக்கிறது என்கிறார் டிக்ஸன். 'நான் பட்டதெல்லாம் வீண் இல்லை, இன்னொருத்திக்கு உதவுகிறது' என்று ஆகும்போது, பட்ட துயரத்துக்கும் ஓர் அர்த்தம் கிடைத்துவிடுகிறது. பெஞ்ச்சின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்கள் குணமாகிறார்கள் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அழகு.

இதனால் வறுமை ஒழிந்துவிடவில்லை, இறந்தவர்கள் திரும்பவும் இல்லை. பெஞ்ச்சிலிருந்து எழுந்து போகிறவருக்கு வீட்டில் அதே பிரச்னைகள் காத்திருக்கும். ஆனால், எல்லாம் சேர்ந்து மலைபோலத் தெரிந்தது, இப்போது ஒவ்வொரு கல்லாக நகர்த்தக்கூடியதாகத் தெரியும்.

நம் வீட்டில் எப்படி?

இந்தியாவில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனநலப் பிரச்னை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவிகிதம் பேர் வரை சிகிச்சை பெறாமலே இருப்பதாகச் சொன்னது. நம் பாட்டிகள் திண்ணையில் உட்கார்ந்து ஊர் கவலையெல்லாம் கேட்ட காலம் ஒன்று இருந்தது. திண்ணை போனாலும், கேட்கும் காது போக வேண்டியதில்லை. வீட்டில் யாராவது துவண்டிருந்தால், அந்தப் பாட்டிகளிடமிருந்து இவற்றை எடுத்துக்கொள்ளலாம்...

* குறுக்கிடாமல் முழுதாகக் கேளுங்கள். 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம்.

* உடனே தீர்வு சொல்லாதீர்கள். 'எதை முதலில் சரிசெய்யலாம்னு நினைக்கிற?' என்று கேளுங்கள்.

* ஒரு சமயத்தில் ஒரு பிரச்னை, அதற்கு ஒரு சின்ன முயற்சி. அது போதும்.

* சில நாள் கழித்து, 'அந்த விஷயம் என்னாச்சு?' என்று மறக்காமல் விசாரியுங்கள். முயற்சி பலிக்காமல் போயிருந்தால், திட்டாமல் இன்னொரு வழி தேடச் சொல்லுங்கள்.

* தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, 'வாழப் பிடிக்கலை' என்ற பேச்சு வந்தாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பேச ஆள் இல்லை என்று நினைப்பவர்கள், மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. இந்த அழைப்புகளுக்கு பஸ் கட்டணம் தேவையில்லை.